புது வீட்டின் வெளிப்பூச்சில் விரிசல்: பட்டி பார்ப்பதற்கு முன்

கேள்வி: மணப்பாறை பக்கம் சொந்த மனையில், காண்ட்ராக்ட் விட்டு, தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்டியிருக்கிறோம். வெளிப்பூச்சு சித்திரை, வைகாசி வெயிலில் நடந்தது. இப்போது ஆவணியில் பார்த்தால் மேற்குச் சுவர் முழுக்க மெல்லிய விரிசல்கள் வலை மாதிரி ஓடுகின்றன. தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு விரிசல். இரண்டு சன்னல்களின் மூலையில் சாய்வாக வெடித்திருக்கிறது. சாயங்கால வெயிலில் சுவர் அலை அலையாகத் தெரிகிறது, சாரக் கம்பு செருகச் சுவரில் விட்ட சாரக்குழிகளை அடைத்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக நிற்கிறது. அடியில் தரையை ஒட்டி வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. காண்ட்ராக்டர் என் கணவருக்குச் சித்தப்பா மகன். "எல்லா வீட்டுலயும் இப்படித்தான் அண்ணி, பட்டி பார்த்து ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது" என்கிறார். தீபாவளிக்குள் பெயிண்ட் முடித்துக் கடைசித் தவணையை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். மாமனாரோ மொத்தத்தையும் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

தீபாவளிக்குள் பெயிண்ட் அடிக்க வேண்டாம். மொத்தத்தையும் கொத்தவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பவை ஐந்தாறு வெவ்வேறு குறைகள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. சில கண்ணுக்கு மட்டும் உறுத்தும், சில மழைத்தண்ணீரைச் சுவருக்குள் விடும், ஒன்றிரண்டு ஆள் தலையில் விழக்கூடும். பூச்சு சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, தண்ணீர் உள்ளே போகிறதா என்ற இரண்டையும் பார்த்துத்தான் எதைக் கொத்துவது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பெயிண்ட்டுக்கு முன் சுவரைச் சமன்செய்ய இழுக்கும் பட்டிக்குக் கீழே இந்த இரண்டும் மறைந்துபோகும். அதனால்தான் முதலில் பட்டியை நிறுத்தச் சொல்கிறேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். சுத்தியலின் மரப்பிடியாலோ ஒரு நாணயத்தாலோ சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியாக, கல்லைத் தட்டுவதுபோல ஒலிக்கும். ஒட்டாத இடத்தில் டொக் டொக் என்று வெற்றொலி வரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். எட்டாத உயரத்துக்கு ஓர் ஆளைச் சாரத்தில் ஏற்றித் தட்டச் சொல்லுங்கள், நீங்கள் கீழே நின்று கேளுங்கள். இதைச் செய்யும்போது காண்ட்ராக்டரும் கூட இருக்கட்டும். உறவுக்காரரிடம் "வேலை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். வட்டம் போட்ட இடத்தை அவர் கையாலேயே தட்டிப் பார்க்கச் சொன்னால் பேச்சு சுருக்கமாக முடியும்.

தட்டுவதை எங்கே தொடங்குவது? வாசலுக்கு மேலே, போர்டிகோ சீலிங்கின் அடிப்பக்கம், சன்ஷேடுகளின் அடிப்பக்கம். நீங்கள் இவற்றைப் பற்றி எழுதவில்லை. எனக்குக் கவலை முதலில் அங்கேதான். கான்கிரீட்டின் அடிப்பரப்பு பலகை அடைத்து வார்த்ததால் வழவழவென்று இருக்கும், பலகைக்குத் தடவிய எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதை நன்றாகக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சிமெண்ட் பால் அடித்த பிறகுதான் பூச வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். முக்கால் அங்குல கனத்தில் ஒரு சதுர அடி பூச்சு ஏறக்குறைய 3.5 கிலோ எடை இருக்கும். குழந்தைகள் நிற்கிற இடத்துக்கு மேலே வெற்றொலி கேட்டால் அதில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் இறக்கிவிடுங்கள்.

சுவரில் உள்ளங்கை அளவுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக வெற்றொலி வந்து, மேலே விரிசலும் இல்லையென்றால் விட்டுவிடலாம். அதைக் கொத்தப்போய்ப் பக்கத்தில் நன்றாக இருக்கும் பூச்சையும் அதிரவைத்து விடுவார்கள். ஒரு முழத்துக்கு மேல் பரவியிருந்தாலோ, வெற்றொலியும் விரிசலும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தாலோ எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது கட்டிங் மெஷினால் சதுரமாக ஓரம் வெட்டிக்கொண்டு, அதற்குள் மட்டும் உளி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஓர் இரும்பு ஆணியால் பூச்சைக் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் நல்லது. பள்ளம் விழுந்து மணல் பொலபொலவென்று கொட்டினால் சிமெண்ட் குறைவு, இல்லையேல் தண்ணீர் ஊற்றி நனைக்கவில்லை, அல்லது குழைத்து நெடுநேரம் கிடந்து இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுப் பூசியிருக்கிறார்கள். ஒரு சுவர் முழுக்க இப்படி உதிர்ந்தால் அந்தச் சுவருக்கு மட்டும் உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது, பூச்சின் தூளோடு சேர்ந்து உரிந்து வரும்.

இனி மேற்குச் சுவரின் வலை விரிசல். வற்றிய குளத்துச் சேறு வெடித்ததுபோல, சிறு சிறு கட்டங்களாக, தலைமுடி அளவில் இருந்தால் அது பூச்சின் மேல்தோலில் மட்டும் உள்ள சுருக்க விரிசல். கலவையிலுள்ள தண்ணீர் வேகமாக வற்றும்போது மேல்பரப்பு முதலில் சுருங்கி வெடிக்கிறது. சித்திரை வெயிலில், மேற்குச் சுவரில், மதியத்துக்கு மேல் பூசியிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம். கூடவே இரண்டு பழக்கங்களும் இதற்குத் துணை போகும். பூச்சு சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஈரத்தின்மேல் வெறும் சிமெண்ட் தூளைத் தூவித் தேய்ப்பது ஒன்று. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைச் சலிக்காமல், அதிலும் கிரஷர் தூள் கலந்ததை, பூச்சுக்குப் பயன்படுத்துவது இன்னொன்று. தூள் கூடினால் தண்ணீர் கூடும், தண்ணீர் கூடினால் சுருக்கமும் கூடும். பூச்சுக்கென்று பி-சாண்ட் தனியாகவே கிடைக்கிறது. கட்டு வேலைக்கு வந்த மணலிலேயே பூச்சையும் முடிப்பது செலவைக் குறைக்கத்தான்.

இந்த வலை விரிசலைப் பார்த்துத்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதே இல்லை. தட்டினால் கெட்டியாக ஒலித்தால் கொத்த வேண்டாம். பூசி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் சுருங்க வேண்டியது பெரும்பாலும் சுருங்கி முடிந்திருக்கும். பெயிண்ட் அடிக்கும் காலத்தில் சுவரைக் கழுவிக் காயவிட்டு, வெளிச்சுவர் பிரைமரும் அதன்மேல் இழுவைத்தன்மை உள்ள எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டும் கொடுத்தால் இவை மூடிக்கொள்ளும். இந்த ஒன்றில் உங்கள் கொழுந்தனார் சொல்வது ஏறக்குறைய சரிதான்.

ஆனால் தூணை ஒட்டி மேலிருந்து கீழ் ஓடும் விரிசலுக்கு அவர் சொல்வது சரிவராது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. கான்கிரீட் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, தினமும் அந்தச் சேர்க்கையில் இழுபறி நடக்கிறது. இதற்காகத்தான் பூசுவதற்கு முன்பே சேர்க்கையின் இருபுறமும் அரை அடி ஏறும்படி கோழி வலை அடிக்க வேண்டும் என்பது. வலை அடித்தார்களா என்று கேளுங்கள். கேட்டுப் பதில் வராவிட்டால் விரிசலின் ஓர் இடத்தில் கையகலம் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த விரிசலில் பட்டியை அடைத்தால் அடுத்த கோடையில் அதே கோட்டில் திரும்ப வெடிக்கும். இடையில் வருகிற ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வழியாக உள்சுவருக்கு இறங்கிவிடும்.

வலை இல்லையென்றால் சேர்க்கையின் இருபுறமும் அரை அடிக்குப் பூச்சை வெட்டி எடுக்க வேண்டும். கான்கிரீட் பக்கத்தைக் கொத்தி, செங்கல் இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, கழுவி, துத்தநாகம் பூசிய வலையை இழுத்து ஆணி அடிக்க வேண்டும். வலை சுவரோடு ஒட்டிப் படுத்துவிடக் கூடாது. கலவை அதன் பின்பக்கமும் போய்ப் பிடிக்கிற அளவுக்குச் சற்று விலகி நிற்க வேண்டும். பிறகு லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் முதல் பூச்சு. வலை இருந்தும் மெல்லிதாக வெடித்திருந்தால் இவ்வளவு வேண்டாம். விரிசலைக் காலே அரைக்கால் அங்குலம் அகலத்துக்குக் கீறி, தூசியை ஊதி எடுத்துவிட்டு, பெயிண்ட் ஏற்கும் சீலண்டை அடைத்தால் போதும். சீலண்ட் இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், பட்டி கொடுக்காது.

சன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசலுக்கு உடனே கை வைக்க வேண்டாம். முதலில் வீட்டுக்குள் போய் அதே மூலையைப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அது பூச்சோடு நிற்கிறது, தூணோர விரிசல் மாதிரியே சரிசெய்யலாம். உள்ளேயும் அதே சாய்வில் ஓடினால் வெடித்தது செங்கல் சுவர். சன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டல் இருபுறமும் போதுமான அளவு சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா, சன்னல் அடியில் 'சில்' எனும் கான்கிரீட் பட்டை போட்டார்களா என்று கேட்க வேண்டும். மனை கரிசல் மண்ணாக இருந்தாலோ, பழைய பள்ளத்தை நிரப்பிய மண்ணாக இருந்தாலோ அஸ்திவாரம் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து இருபுறமும் கெட்டியாக ஒட்டிவிடுங்கள். மழைக்காலம் முடியும்வரை விரிசல் கோட்டைத் தாண்டாமல், கண்ணாடியும் உடையாமல் இருந்தால் அது நின்றுபோன விரிசல். நீண்டுகொண்டே போனாலோ, செங்கல் வரிசைப்படி படிக்கட்டு மாதிரி இறங்கினாலோ, 2 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை நேரில் வரவழையுங்கள். அதைக் கடிதத்தில் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அலை அலையாகத் தெரிவது சாயங்காலம் மட்டும்தானே? சாய்ந்த வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும்போது சிறு மேடு பள்ளமும் நிழல் போட்டுக் காட்டும். மதியம் பார்த்தால் இருக்காது. இரண்டு மீட்டர் அலுமினிய மட்டக்கோலைச் சுவரில் வைத்து, இடையில் எவ்வளவு சந்து விழுகிறது என்று பாருங்கள். 3, 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கையால் பூசிய சுவரில் அது இருக்கும். அதற்கு மேல் போனால் சரிசெய்து கேட்கலாம், ஆனால் பட்டியை அள்ளி அப்பிச் சமன் செய்ய விடாதீர்கள். வெள்ளைச் சிமெண்ட் பட்டி மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான். அதற்கு மேல் போட்டால் அதுவே வெடித்து உரியும். உள்சுவருக்கான பட்டியை வெளியே போடவே கூடாது.

திட்டுகளும் அவற்றை ஒட்டிய படுக்கைக் கோடுகளும் அழகுக் குறைதான், ஆனாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். சாரம் பிரிக்கும்போது சாரக்குழியில் அரைச் செங்கல்லைத் திணித்து மேலாகக் கலவை பூசிவிட்டுப் போவார்கள். உள்ளே பொந்து அப்படியே இருக்கும். மழை சாய்ந்து அடித்தால் அந்தப் பொந்து வழியாகத்தான் உள்ளறையில் ஓதம் வட்டம் வட்டமாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தட்டுங்கள். வெற்றொலி வந்தால் திறந்து, நனைத்து, முழு ஆழத்துக்கும் கலவையும் செங்கல்லும் வைத்து இறுக்கி அடைக்கச் சொல்லுங்கள். படுக்கைக் கோடு என்பது அன்றன்றைக்கு வேலையை நிறுத்திய இடம். மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விதிகளில், ஒரு நாள் பூச்சை மூலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் நிறுத்தக் கூடாது, கைப்பிடிச் சுவரின் தலையில் இணைப்பு வரவே கூடாது, கசிவுக்கு அதுவே வழி என்று எழுதியிருக்கிறார்கள். மொட்டை மாடிக்கு ஏறிக் கைப்பிடிச் சுவரின் தலையைப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் தண்ணீரைத் தடுப்பதில் முதல் அவசர வேலை அதுதான். தலைப்பூச்சு மாடியின் உள்பக்கம் சரிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளிப்பக்கம் சரிந்திருந்தால் மழை பெய்யும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் சுவரில் கோடு போட்டு இறங்கும். சன்ஷேடு ஓரத்தின் அடியில் நீர்வடி பள்ளம் இல்லையென்றாலும் இதே கதைதான். சாரம் நிற்கும்போதே முடித்தால் இதெல்லாம் சின்ன வேலை, பெயிண்ட் அடித்த பிறகு ஒவ்வொன்றும் பெரிய வேலை.

உப்புக்கு வருவோம். செங்கல், மணல், தண்ணீர் இவற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வந்து, ஈரம் வற்றியதும் வெள்ளையாகப் படியும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். இரண்டு மூன்று முறை தேய்த்ததும் குறைந்துகொண்டே வந்தால் கட்டட ஈரத்தோடு வந்த உப்பு, தீர்ந்துவிடும். குறையாமல் முழங்கால் உயரத்துக்கு ஏறினால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. வீட்டைச் சுற்றி மண் நிரப்பியபோது பேஸ்மட்டத்துக்கு மேலே சுவரை ஒட்டிக் கொட்டிவிட்டார்களா, அங்கே செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அந்த மண்ணை இறக்குங்கள். வேலைக்குப் பயன்பட்டது போர் தண்ணீர் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்து மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. அதைத் தாண்டியிருந்தால் மறுபூச்சுக்காவது லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

மறுபூச்சு போடும் இடங்களில் நீங்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியவை சில உண்டு. சுவரை முதல் நாளே நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். மொத்தக் கனத்தையும் ஒரே அப்பாக அப்பக் கூடாது. 12 மில்லிமீட்டர் முதல் பூச்சு, அதைக் கோடு கீறி விட்டு, இறுகிய பிறகு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மெல்லிய இரண்டாம் பூச்சு. ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு சலித்த பி-சாண்ட் போதும். சிமெண்டைக் கூட்டினால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள், விரிசல்தான் கூடும். மூட்டைக்கு 125 கிராம் பாலிப்ரொப்பிலீன் நாரைக் கலந்தால் சுருக்க விரிசல் நன்றாகக் குறையும், செலவும் பெரிதில்லை. குழைத்ததை அரை மணி நேரத்துக்குள் தீர்க்கிற அளவுக்கு மட்டுமே குழைக்க வேண்டும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேலும் பூசச் சொல்லுங்கள், எப்போதும் நிழல் விழும் பக்கமே வேலை நடக்கட்டும். மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் தண்ணீர். காலையும் மாலையும் ஒரு தடவை பீய்ச்சுவது போதாது. நடுப்பகலில் சுவர் வெளுத்திருந்தால் அன்றைய நனைப்பு வீண், சாக்கைத் தொங்கவிட்டு நனைத்து வையுங்கள். ஏழு நாளும் ஆள் போடாமல் விடுவது வழக்கமாகிவிட்டதால் இந்த ஒன்றை மட்டும் நீங்களே பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். போர்டிகோவின் அடிப்பக்கம், கைப்பிடிச் சுவர், சாரக்குழி, தூணோர விரிசல் இவற்றைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அதன்பிறகு வந்து நீங்கள் செய்த வேலையைச் சோதிக்கட்டும். மழைக்கு முன்பே தெரிய வேண்டுமென்றால், ஓஸ் பைப்பால் சந்தேகமுள்ள சுவரில் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துவிட்டு உள்பக்கம் பாருங்கள். பெயிண்ட்டைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள். பூச்சு ஒரு மழைக்காலம் பெயிண்ட் இல்லாமல் நின்றால் கெட்டுவிடாது. ஈரமான சுவரில் அடித்த பெயிண்ட்தான் கொப்புளித்து உரியும். அடிப்பதற்கு முன்தினம் இரண்டடி சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி நின்றால் இன்னும் சில நாள் காத்திருங்கள். தீபாவளிக்கு வீடு சாம்பல் நிறத்தில் இருப்பது உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். வாசல் பக்கம் நல்லபடியாக இருந்தால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் பிரைமர் கொடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி. கடைசித் தவணையை முழுதாகவும் கொடுக்க வேண்டாம், முழுதாக நிறுத்தவும் வேண்டாம். சாக்பீஸ் வட்டங்களைத் தேதியோடு படமெடுத்து, எந்த இடத்தில் என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்கும் கூலிக்கும் சாமானுக்கும் ஆகிற அளவை மட்டும் பிடித்து வைத்து, மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். பிடித்ததை வேலை முடிய முடியக் கொடுங்கள். சாரத்தில் நிற்கும் ஆட்களுக்கு அவரும் கூலி கொடுத்தாக வேண்டும்.

அவர் எதற்கும் ஒத்துவராத நிலை வந்தால் வழி உண்டு. வீடு கட்டித் தரும் ஒப்பந்தம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைதான், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் சொல்லும் ஐந்தாண்டுப் பொறுப்பு, பில்டரிடம் வாங்கும் அடுக்குமாடி மாதிரியான பதிவு செய்த திட்டங்களுக்கானது. சொந்த மனையில் காண்ட்ராக்ட் விட்டுக் கட்டிய உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. யாராவது அதைச் சொன்னால் நம்பிக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். ஆனால் வழக்குவரை போகத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். வலை விரிசலில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நானே எழுதியிருக்கிறேன், அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.